ரிஷெக் சாப்பிட்ட கரண்டி

— அந்தப் பக்கம் வேண்டாங்க ஐயா, இப்படி வலது பக்கமா நெருங்கி உக்காருங்க. இடது காதைப் பஞ்சு மில்லுத் தறி முப்பது வருஷத்துல தின்னு தீர்த்துடுச்சு. வெள்ளரிக்காயை அப்புறம் அடுக்கலாம். வூச் நகரத்தோட அந்தக் கோடியிலிருந்து ரெண்டு டிராம் மாறி வந்திருக்கேன், உங்களுக்கு ஒரு கதை சொல்ல. சின்னக் கதைதான். கேட்டுட்டு விரட்டுங்க.

— யாரையும் விரட்டுற வழக்கம் எனக்கில்ல தாயி. இந்தத் தோட்டத்துக்கு வர்றவங்க ஊறுகாய் வாங்க வருவாங்க. இல்லன்னா சாவி தொலைஞ்சு போச்சு, பூட்டைத் திறந்து குடுன்னு வருவாங்க. கதை சொல்ல வந்த மொத ஆளு நீங்கதான். பேரு?

— கெனோவேஃபா. கெனியான்னு கூப்பிடுவாங்க. உங்க பேரு வாலென்டி. வெளிய வாலென்டி, ஜெயிலுக்கு உள்ள கொல்லன். சரிதானே?

— அந்தப் பேரை யாரு சொன்னா?

— என் மகன். தூக்கத்துல.

— அப்போ உங்க மகனும் உள்ள இருந்தவன்.

— இருந்தவன். அதுக்குத்தான் கதைன்னேன். கையை எதுக்குச் சும்மா வச்சிருக்கணும், அந்தப் பூண்டைக் குடுங்க, உரிச்சுக்கிட்டே சொல்றேன். அது என்ன, டீயா? ரோடு போடுற தார் மாதிரி இருக்கு?

— உள்ள பழகின டீ. ஒரு குவளைக்கு அரைப் பொட்டலம் தூள். உங்களுக்கு வெந்நீர் ஊத்தி இறக்கித் தர்றேன். இதை அப்படியே குடிச்சா உங்க நெஞ்சு நின்னுரும். அம்புட்டுத்தான்.

— நிக்கட்டும், ஆனா ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு. கேளுங்க. ஒரு தாய் இருந்தா. புருஷன் குடிச்சே போய்ச் சேர்ந்துட்டான். ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு இருபது வயசு. மகள் பள்ளிக்கூடம் போற ஒன்பது வயசுப் பொண்ணு. எண்பத்தஞ்சாம் வருஷம் மகன் மில்லுக் கிடங்குலேர்ந்து மூணு சுருள் துணியைத் தூக்கினான்.

— மூணு சுருளுக்கு எத்தனை வருஷம் போட்டாங்க?

— அஞ்சு.

— அநியாயம்.

— காவல்காரன் துரத்தினான், இவன் தள்ளினான், அவனுக்குக் கால் ஒடிஞ்சுது. அதுக்கும் சேர்த்துத்தான். நான் அவனுக்கு வக்காலத்து வாங்க வரலைங்க.

— அந்தத் தாய்தான் நீங்கன்னு ஒத்துக்கிட்டா சட்டுனு முடிஞ்சுரும் கதை.

— அந்தத் தாய்னே இருக்கட்டும். நான்னு சொல்ல வாய் வரல. அடுத்த வருஷம் மே மாசம் மேஜைச் சந்திப்பு குடுத்தாங்க. நடுவுல கண்ணாடி கிடையாது, கம்பி கிடையாது. ஒரே மேஜையில எதிரும் புதிருமா ஒரு மணி நேரம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கத்தி, முள்கரண்டி கூடாது, ஒரே ஒரு கரண்டி. அவ மூணு நாள் பிகோஸ் வேக வச்சா. புளிக்க வச்ச கோஸு, புகை போட்ட இறைச்சி, காஞ்ச காளான், உலர்ந்த பிளம். ரேஷன் கார்டுல வந்த ஒரு மாச இறைச்சி மொத்தமும் அந்தச் சட்டிக்குள்ள போச்சு.

— மூணு நாளா? அப்போ நல்ல பிகோஸ்தான். ஒரே நாள்ல வேக வச்சா அது வெறும் கோஸு.

— தெரிஞ்சவர் நீங்க. மூடியைத் திறந்தா அந்த ஹால் முழுக்க வாசனை. அங்க ஒருத்தன் ஓரமாத் தரை துடைச்சுக்கிட்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல ரெண்டு விரல் விடலாம், அப்படி ஒரு மெலிவு. அவனைப் பாக்க யாரும் வரல. சுத்தி அத்தனை குடும்பம் சாப்பிடுது, அவன் எல்லார் கால் பக்கத்துலயும் துடைப்பத்தைத் தள்ளிக்கிட்டே போறான், ஒருத்தரும் காலைக்கூடத் தூக்கல.

— தூக்க மாட்டாங்க.

— ஏன்னு இப்போ எனக்குத் தெரியும். அப்போ தெரியாது. மகள் புறா பாக்கணும்னு ஜன்னல் பக்கம் ஓடிட்டா, மகன் அவளைக் கூட்டிட்டு வர எந்திரிச்சுப் போனான். அந்த நேரம் பாத்து அவ இவனைக் கூப்பிட்டா. ‘வாப்பா, ஒரு வாய் சாப்பிடு.’ அவன் ‘வேண்டாம்மா’ன்னான்.

— வேண்டாம்னு சொன்னானா?

— மூணு தடவை சொன்னான்! அதுதானே ஐயா என் நெஞ்சைக் கிழிக்குது. நம்ம வீடுகள்ல விருந்தாளி எப்படி? மொதல்ல ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ம்பான். அப்புறம் ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’பான். மூணாவது தடவை கேட்டா உக்காருவான். மொத தடவையே உக்காந்தா வளர்ப்பு சரியில்லன்னு பேசுவோம். ரெண்டோட நிறுத்தினா வீட்டுக்காரி கஞ்சப்பிசினாறின்னு பேசுவாங்க. அதனால அவன் வேண்டாம் வேண்டாம்னு பின்னால போகப் போக அவளுக்கு மனசு நிறைஞ்சு போச்சு. நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு நெனச்சா. கடைசியா அவன் மெதுவா, ‘உங்க மகனுக்கு இது நல்லதில்லம்மா’ன்னான். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா?

— என்ன சொன்னீங்க?

— ‘என் மகன் தங்கம். பங்கு போட்டுச் சாப்பிட அவனுக்குத் தெரியும்’னேன். சொல்லிட்டு நானே அவன் வாயில ஊட்டினேன். மூணு வாய். அவன் கண்ணு நிறைஞ்சுருச்சு. என் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்தான், அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி. குடுத்துட்டு வாளியைத் தூக்கிட்டு வேகமாப் போயிட்டான். மகன் திரும்பி வந்து உக்காந்தான். அதே கரண்டியை அவன் கையில குடுத்தேன். சாப்பிட்டான். ஹால் அப்படியே அமைதியாயிடுச்சு. ஒரு கரண்டிச் சத்தம் இல்ல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா ஐயா? பிகோஸ் வாசனையில எல்லாரும் வாயடைச்சுப் போனாங்கன்னு நெனச்சேன். பெருமையா சுத்திமுத்திப் பாத்து ஒரு சிரிப்பு வேற சிரிச்சேன்.

— போதும் தாயி.

— இன்னும் முடியலைங்க.

— மிச்சம் எனக்குத் தெரியும். உள்ள கைதிங்களுக்கெல்லாம் நான்தான் பெரியவன். அன்னிக்குச் சாயங்காலம் உங்க மகனுக்குத் தீர்ப்பு சொன்னது நான்.

— தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன். பயப்படாதீங்க, சண்டைக்கு வரல.

— ரிஷெக். மஞ்சள் முடி. சிரிச்சா மேல் பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும்.

— இன்னும் அப்படித்தான் இருக்கு. ஆனா சிரிச்சு யாரும் பாத்ததில்ல.

— உள்ள ஒரு சட்டம் உண்டு தாயி. அது நான் எழுதினதில்ல, என் அப்பன் காலத்துக்கும் முந்தினது. ஜெயிலுக்குள்ள எங்க உள்பாஷை பேசுறவன் மனுஷன். மத்தவன் மனுஷன் இல்ல. அந்தத் தரை துடைச்சவன் மாதிரித் தள்ளி வச்சவன் விழுந்தவன். அவன் கையைத் தொடக் கூடாது, அவன் வாய் பட்ட கரண்டி உன் வாயில படக் கூடாது. பட்டா நீயும் விழுந்தே. தெரிஞ்சு பட்டாலும் சரி, தெரியாம பட்டாலும் சரி. அம்புட்டுத்தான்.

— கரண்டியில ஒட்டுற தீட்டு. ஒரு அம்மா ஊட்டின கரண்டியில.

— அம்மா ஊட்டினாலும்.

— சரி, நான் சட்டத்தோட மல்லுக்கட்ட வரல. அவன் எப்படி இருக்கான்னு மட்டும் கேளுங்க. மூணு வருஷம் கக்கூஸ் பக்கத்துல படுக்க வச்சீங்க. எண்பத்தொன்பதுல வெளிய வந்தான். வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. கரி மண்டியில மூட்டை தூக்குறான். பின்னறையில இருக்கான். இந்தப் பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் கூட என் மேஜையில உக்காந்து சாப்பிட்டதில்ல. தொட்டிப் பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடுவான். அவனுக்குன்னு ஒரு தட்டு, ஒரு கரண்டி, அவனே கழுவி அவன் அறையில கொண்டுபோய் வச்சுக்குவான். யாராவது கை நீட்டினா, கையெல்லாம் கரின்னு சொல்லிப் பின்னால கட்டிக்குவான். ஞாயித்துக்கிழமை குளிச்சு வெள்ளைச் சட்டை போட்டாலும் கரிதான்.

— வெளிய வந்தப்புறம் நெறைய பேர் மறந்துடுவாங்களே. கல்யாணம் பண்ணி, குடும்பம் நடத்தி…

— இவன் மறக்கலையே. பேக்கரியில ஒரு பொண்ணு இருந்தா, அதேலா. ரெண்டு வருஷம் இவனுக்காகக் காத்திருந்தா. ‘நான் மனுஷன் இல்லம்மா, அவளுக்கு எதுக்கு’ன்னான். அதையும் அழுது சொல்லல. எனக்கு இடது கைப் பழக்கம்னு ஒருத்தன் சொல்வானே, அப்படிச் சாதாரணமாச் சொன்னான். என்கிட்ட நம்ம போலிஷ்ல பேசுவான். தூக்கத்துல உங்க உள்பாஷை. காவலனைச் சாவிங்கிறான், ஜன்னல்ல சீட்டு கட்டி விடுற நூலைக் குதிரைங்கிறான். குதிரை வருது, குதிரை வருதுன்னு கத்துவான். நான் மொதல்ல நெசமான குதிரைன்னு நெனச்சு, பிள்ளைக்கு ஏதோ நல்ல கனவுன்னு விட்டுட்டேன்.

— நீங்கதான் காரணம்னு உங்ககிட்ட அவன் சொன்னானா?

— சொல்லுவானா? டிராம் நிறுத்தத்துல ஒருத்தன் சொன்னான். உள்ள இருந்த உங்க ஆளு, கண்ணுக்குக் கீழ உங்களுக்கு இருக்குற மாதிரியே பச்சை குத்தின புள்ளி. ‘ரிஷெக்கோட அம்மாவா? பிகோஸ் அம்மா!’ன்னு சிரிச்சான். வீட்டுக்கு ஓடி வந்து கேட்டேன், ஏண்டா என்கிட்ட சொல்லலைன்னு. ‘சொன்னா நீ சமைக்கிறதை நிறுத்திடுவே’ன்னான்.

— ம்.

— ம்முன்னு சொல்லிட்டீங்க. எனக்கு அன்னிலேர்ந்து சட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஹால்தான் ஞாபகம் வருது.

— இப்போ நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க.

— அந்த ஒன்பது வயசுப் பொண்ணு இவோனா, இப்போ முப்பத்தொண்ணு. அவளுக்கு இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பிள்ளை பிறந்திருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தகப்பனா ரிஷெக் மாமாதான் நிக்கணும், வேற யார் கையிலயும் என் பிள்ளையைத் தர மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. இவன் மாட்டேங்கிறான். ‘பச்சைப் பிள்ளை, அதுக்கு இன்னும் ஒரு அழுக்கும் ஒட்டல, என் கையை எதுக்கு அது மேல வைக்கிறீங்க’ங்கிறான். பாதிரியார் வீடு தேடி வந்து பேசினார். ‘உன் பாவமெல்லாம் கரைஞ்சு போச்சு மகனே’ன்னார். ‘அது பாவம் ஃபாதர், இது வேற. இதைக் கட்டினது கொல்லன். அவிழ்க்கிறதா இருந்தா அவர்தான் அவிழ்க்கணும்’னுட்டான்.

— அப்படியா சொன்னான்?

— அப்படியே. உங்களை எங்க தேடுறதுன்னு தவிச்சேன். போன வாரம் சந்தையில ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால அந்தப் புள்ளியைப் பாத்தேன். ஊறுகாய் வாங்க வந்த உங்க பழைய ஆளு ஒருத்தன் ‘கொல்லா, சில்லறை இருக்கா’ன்னு கத்தினான். உங்க பேரையும் இந்தத் தோட்டத்தையும் பக்கத்துக் கடைக்காரிகிட்ட விசாரிச்சுக்கிட்டேன். ஐயா, வேற ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கிழமை கோயில் வாசலுக்கு வாங்க. எல்லார் கண்ணு முன்னாலயும் அவன் கையைப் பிடிச்சுக் குலுக்குங்க. அவ்வளவுதான். அவன் உள்ள போய்ப் பிள்ளையை வாங்கிக்குவான்.

— வாங்க மாட்டான்.

— ஏன்?

— அவன் சட்டம் தெரிஞ்சவன். அடியில விழுந்தவன் மேல ஏற வழியே கிடையாது. நான் போய்க் கை குடுத்தேன்னு வைங்க. ரிஷெக் ஏறிட்டான்னு ஆகாது, கொல்லன் இறங்கிட்டான்னு ஆகும். ‘ஐயோ, கிழவனையும் கெடுத்துட்டோமே’ன்னு அதுக்கும் சேர்த்து வேகுவான்.

— அப்போ ஒரு பொய் சொல்லுங்க. அந்தக் கரண்டி வேற, இந்தக் கரண்டி வேறன்னு சொல்லுங்க.

— ஹால்ல நாப்பது பேர் பாத்தாங்க தாயி. நீங்க வேற சிரிச்சுக்கிட்டு சுத்திப் பாத்திருக்கீங்க.

— பொல்லாத ஆளு ஐயா நீங்க. இந்த நேரத்துலயும் குத்துறீங்க.

— குத்தல. உள்ளதைச் சொன்னேன்.

— என்ன பாஷை அது? இறக்கி விடுறதுக்கு நூறு வார்த்தை வச்சிருக்கீங்க, ஒருத்தனைக் கையைப் பிடிச்சுத் தூக்கி விட ஒண்ணு கூடவா இல்ல?

— அவனுக்குக் கீழ இன்னும் ஒரு படி இருந்தா, தூக்கி விட வார்த்தை உண்டு. ஆனா ஆக அடியிலேர்ந்து தூக்க இல்ல. அம்புட்டுத்தான்.

— அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான்! வேற பேச்சே வராதா உங்களுக்கு? சரி. பூண்டு உரிச்சாச்சு. நான் கிளம்புறேன்.

— டீயைக் குடிச்சுட்டுப் போங்க.

— இறங்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்தத் தரை துடைச்ச ஆளு. அவன் பேரு கூட எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா ஜெபத்துல அவனை ‘கையில முத்தம் குடுத்தவன்’னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். சில நாள் வாழ்த்துவேன், சில நாள் வயிறெரிஞ்சு திட்டுவேன்.

— கோஸ்தெக். அச்சகத்துல எழுத்துக் கோக்குற ஆளு. இறைச்சிக் கார்டு போலியா அடிச்சான்னு உள்ள வந்தான்.

— இறைச்சிக் கார்டா? பாவி, அந்தக் காலத்துல என்கிட்ட ரெண்டு குடுத்திருக்கக் கூடாதா. சரி, அவனை எதுக்கு விழ வச்சீங்க? அவன் என்ன செஞ்சான்?

— உங்க மகன் சொல்லலையா?

— ‘சாவிங்ககிட்ட காட்டிக் குடுத்தவன்’னு சொன்னான். ரொட்டியும் ஜாமும் போட்டு நீங்க ஊற வச்ச சாராயத்தைத் துணி வெளுக்குற அறையில ஒளிச்சு வச்சிருந்தீங்களாம். அந்த அறையில வேலை பாத்தவன் இவனாம். இவன் சொல்லித்தான் பிடிபட்டுச்சாம். அதுக்கு ஆறு பேருக்கு இருட்டறையாம். ஐயா, ஜாடி நிறைஞ்சு வழியுது. உப்புத் தண்ணி பூராவும் மண்ணுல போகுது பாருங்க.

— போகட்டும்.

— உங்களுக்கு உடம்புக்கு ஆகலையா? முகம் இப்படி வெளுத்துக்கிடக்கு?

— கோஸ்தெக் காட்டிக் குடுக்கல.

— பின்ன?

— புத்தகம் மாதிரிப் பேசுவான். மன்னிக்கணும்பான், தயவு செஞ்சும்பான். உள்பாஷையில ரெண்டு வார்த்தை கத்துக்கோடான்னா வெக்கப்படுவான். அவனுக்காகப் பேச அந்தக் கட்டடத்துல ஒருத்தனும் இல்ல. அதனால அவன் பேரைச் சொல்றது சுலபமா இருந்துச்சு.

— யாருக்குச் சுலபமா இருந்துச்சு?

— உக்காருங்க தாயி.

— யாருக்குன்னு கேட்டேன்.

— என் அம்மா சாகக் கிடந்தா. கடைசியா முகத்தைப் பாக்கணும். அதிகாரி ஒருத்தன் கூப்பிட்டு, ‘சாராயம் எங்கன்னு சொல்லு, போயிட்டு வா’ன்னான். ரெண்டு ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன். மூணாம் நாள் சொன்னேன்.

— நீயா?

— நான்தான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவ மூச்சு போயிடுச்சு. கல்லறையில ரெண்டு மணி நேரம். கைவிலங்கோட. ஒரு பிடி மண்ணை ஒத்தைக் கையால போட விடல, ரெண்டையும் சேர்த்துத்தான் போட்டேன். திரும்பி வந்தா கட்டடமே கொதிக்குது, யாரு சொன்னது, யாரு சொன்னதுன்னு. எல்லாரும் என் வாயைத்தான் பாத்தாங்க, நான்தானே பெரியவன். வாயைத் திறந்தேன், கோஸ்தெக்னு வந்துச்சு.

— நீ சொன்னே. நீயே காட்டிக் குடுத்துட்டு, ஒண்ணும் தெரியாதவனைக் கீழ தள்ளிட்டு, அப்புறம் என் மகனுக்கும் தீர்ப்புச் சொன்னே!

— சொன்னேன்.

— அவன் வாய் பட்ட கரண்டின்னு!

— ஆமா.

— சுத்தமான வாய்டா அது! அப்போ அந்தக் கரண்டியும் சுத்தம்.

— சுத்தம்.

— அப்போ ரிஷெக்?

— உங்க மகன் விழவே இல்ல தாயி. எங்க சட்டப்படியே விழல. அன்னிக்கும் மனுஷன், இன்னிக்கும் மனுஷன்.

— இருபத்தோரு வருஷம் ஆச்சுடா. அதேலா வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டு மூணு பிள்ளை பெத்துட்டா. தொட்டிப் பக்கத்துல தரையில அவன் நிக்கிற இடம் தேஞ்சு பள்ளமாயிருக்கு. வந்து பாக்கிறியா? ரெண்டு குதிகால் அச்சு. அதை மெழுகித் துடைக்கிறவ நான்.

— என்னை அடிக்கணும்னா அடிங்க.

— பூண்டு நாத்தம் பிடிச்ச கையால உன்னை அடிச்சு என்ன ஆகப் போகுது. தண்ணி குடு. அந்தத் தார் வேண்டாம், வெறும் தண்ணி.

— இந்தாங்க.

— இத்தனை வருஷத்துல யார்கிட்டயாவது இதைச் சொன்னியா?

— பாதிரியார்கிட்ட கூடச் சொல்லல. நீங்க இப்போ அந்த ஆளு வேண்டாம் வேண்டாம்னு மூணு தடவை பின்னால போனான்னு சொன்னீங்களே, அது எனக்குத் தெரியாது. அவன் பழி வாங்கத்தான் உங்க சாப்பாட்டைத் தின்னான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்படி நெனச்சுத்தான் தூங்கிக்கிட்டிருந்தேன்.

— என் மகனைக் காப்பாத்தத்தான் அவன் பின்னால போனான். நான்தான் இழுத்து உக்கார வச்சேன்.

— தெரியுது.

— உயிரோட இருக்கானா அவன்?

— இருக்கான். ஸ்கியெஷ் ஊர்ல சின்ன அச்சகம். சுவத்துல ஒட்டுற சாவு நோட்டீஸ் அடிக்கிறான். ரெண்டு தடவை அந்தத் தெருமுனை வரைக்கும் போனேன். கண்ணாடி போட்டுக்கிட்டு, குனிஞ்சு ஒவ்வொரு எழுத்தா அடுக்கிக்கிட்டிருந்தான். திரும்பி வந்துட்டேன்.

— மூணாவது தடவை போ. இன்னிக்கு வியாழன். நாளைக்கே போ. உள்ள நுழைஞ்சு, அவன் முகத்தைப் பாத்துச் சொல்லு. அவன் துப்பினா துடைச்சுக்காம நில்லு. அதை முடிச்சுட்டு அப்புறம் என் மகன் முன்னால வா. மொதல்ல என் வீட்டுக்கு வந்தே, வாசப்படி ஏற விட மாட்டேன்.

— போறேன். நாளைக்கு மொத பஸ்ஸுல போறேன்.

— நெசமா?

— பூட்டைத் திறக்கிறவன் தாயி நான். வாசல்ல நின்னு திரும்புறது எனக்கே அசிங்கமாத்தான் இருந்துச்சு.

— ரிஷெக் நம்புவானா ஐயா? அம்மா ஏதோ பேசி ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கான்னு நெனச்சுட்டா?

— நம்புவான். இதைச் சொன்னா நான் என்ன ஆவேன்னு அவனுக்குத் தெரியும். காட்டிக் குடுத்தவன், அதை இன்னொருத்தன் தலையில கட்டினவன். அதுக்குக் கீழ படியே இல்ல. பொய்க்காகக் கூட எங்க ஆளு எவனும் தன்னைப் பத்தி அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான். சந்தையில ஊறுகாய் வாங்குற பழைய ஆளுங்க பாதிப்பேர் இனி என் பக்கம் வர மாட்டாங்க. வராம இருக்கட்டும்.

— உங்களுக்குன்னு யாரும் இல்லையா?

— வெள்ளரிக்காய் இருக்கு.

— இந்த நேரத்துலயும் விளையாட்டு. சரி, கேளுங்க. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிப் பூசை. முடிஞ்சதும் வீட்டுல விருந்து. நான் மன்னிச்சேன்னு சொல்லல. அது என்னால இன்னிக்கு முடியாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வாசல்ல நின்னு சொல்லிட்டு ஓட வேண்டாம். என்ன இருந்தாலும் பசியோட யாரையும் நான் அனுப்பினதில்ல.

— வேண்டாம் தாயி.

— சாப்பிட்டுப் போங்க.

— எதுக்குச் சிரமம்.

— மூணாவது தடவை கேக்கிறேன் ஐயா.

— இது விருந்தாளி சொல்ற வேண்டாம் இல்ல. கோஸ்தெக் சொன்னானே, அந்த வேண்டாம். பிள்ளையைத் தொட வேண்டியவன் ரிஷெக். நான் உங்க வீட்டுக் கரண்டியில வாய் வச்சா அவன் மறுபடியும் பின்னறைக்குப் போயிடுவான். பூசைக்கு முன்னாலயே கோயில் வாசல்ல நின்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போயிடறேன். அவன் எனக்குக் கை நீட்டக் கூடாதுன்னு நீங்களே முன்னாடி சொல்லி வையுங்க.

— என் வாயாலயா? ஒருத்தருக்குக் கை குடுக்காதேன்னு என் பிள்ளைக்கு நானே சொல்லணுமா?

— இந்த ஒரு தடவை. அவனுக்காக.

— மாதாவே. என்னை எங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க பாருங்க.

— ஒரு ஜாடி எடுத்துக்கங்க. போன வாரம் போட்டது, ஊறியிருக்கும். மூடியை நான் கையுறை போட்டுத்தான் இறுக்கினேன், ரிஷெக்கிட்ட அதையும் சொல்லுங்க.

— குடுங்க. ரிஷெக்குக்கு வெள்ளரிக்காய்னா உயிர். இன்னும் ஏதோ மென்னு முழுங்குறீங்களே, என்ன?

— இத்தனை வருஷமா அந்தக் கரண்டியை நெனச்சு அழுதிருக்கீங்க. அதைப் பத்தி ஒண்ணு. சொன்னா உங்களுக்கு வலி கூடுமா குறையுமான்னு தெரியல.

— சொல்லிடுங்க. இதுக்கு மேல கூட இடமில்ல.

— உங்க வீட்டு அடுப்பு அணையாம இருக்கட்டும் தாயி, உங்க பேரப்பிள்ளை மாமன் கையில வளரட்டும், ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உங்க மேஜையில யாரும் நின்னுக்கிட்டுச் சாப்பிடாம இருக்கட்டும். ரிஷெக் அது வரைக்கும் கீழ் மாடியில இருந்த பையன், என் கையை ஒரு தடவை கூடத் தொட்டதில்ல. அந்தச் சந்திப்புக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவனை மேல என் மேஜைக்குக் கூப்பிட்டு உக்கார வைக்கிறதா இருந்தேன். நடுவுல உங்க கரண்டி வரலைன்னா, காட்டிக் குடுத்தவன் நான்தானே, அவன் என் கூட ஒரே சட்டியில தின்னு, எங்க சட்டப்படி நெசமாவே விழுந்திருப்பான்.